மிளகு குரைக்காத மதியம்

மிளகுக்கு ஒன்பது வயது. பிறந்த ஆறு குட்டிகளில் இவன்தான் கடைசி, உள்ளங்கையில் அடங்கிப்போகிற கறுப்பு உருண்டை. அப்போது வைத்த பெயர், முப்பது கிலோ எடை ஏறிய பிறகும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இடிந்து விழுந்த கட்டிடங்களுக்கு அடியில் சிக்கியவர்களை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்ததும் நின்ற இடத்திலேயே விடாமல் குரைப்பதும் அவன் வேலை. அவனைப் பழக்கி, அவனோடு போகிறவள் தீயணைப்பு நிலையத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கும் பெண். நிலையத்தில் அவளை எல்லோரும் மிளகம்மா என்றே கூப்பிட்டார்கள். ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற அவள் கணவர், யாரும் கேட்காமலேயே தன்னை மிளகப்பா என்று அறிமுகம் செய்துகொள்வார்.

ஒரு நாள் பக்கத்துத் தெரு ஆரம்பப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாய்களைப் பற்றிச் சொல்லித்தர வேண்டும். அவள் போனபோது மற்ற வகுப்புகள் விட்டு, கட்டிடம் காலியாகக் கிடந்தது. வெளியே மழையா பனியா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி ஏதோ ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய கூடத்தின் உயரமான ஜன்னல்கள் வழியாக வந்த வெளிச்சம் பால் கலந்த தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்குள் இருபத்து நான்கு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தச் சட்டையைப் போட்டிருந்தா அவன் ஆபீஸ்ல இருக்கான்னு அர்த்தம்," என்று மிளகின் சிவப்பு மேல்சட்டையைக் காட்டினாள். "ஆபீஸ்ல வேலை பாக்குறவங்கள யாராச்சும் போய் முதுகுல தடவுவாங்களா?"

"எங்க அப்பாவ நான் தடவுவேன்," என்றான் ஒருவன்.

"அப்பா சரி. அவர் பக்கத்துல உக்காந்திருக்கிறவர?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சட்டையைக் கழற்றியதும் ஒவ்வொருவராக வந்தார்கள். கையை மூடி முதலில் அவன் மோந்து பார்க்கக் கொடுக்க வேண்டும், தலைக்கு மேலிருந்து கையைக் கொண்டுபோகக் கூடாது என்று சொல்லித் தந்தாள். ஒருத்தி கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாள். இன்னொருவன் காதைத் தூக்கிப் பார்த்து, உள்ளே ரோஸ் கலர் என்று எல்லோருக்கும் அறிவித்தான்.

"அப்படித்தான் இருக்கணும். ரொம்பச் செவந்து, நாத்தம் அடிச்சா டாக்டர்கிட்ட போகணும். அவனுக்கு வாய் திறந்து சொல்ல வராது. வலிச்சா நடையில சொல்வான், சாப்பாட்டுல சொல்வான். நாமதான் பாத்துக்கிட்டே இருக்கணும்."

பிறகு முகப் பவுடர் டப்பா ஒன்றை எடுத்து லேசாக அமுக்கினாள். வெள்ளைத் தூள் புகையாக எழுந்து, நிற்பதா போவதா என்று யோசித்து, மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்தது.

"நம்ம ஒவ்வொருத்தர் மேல இருந்தும் வாசனை இப்படித்தான் கிளம்பிப் போயிட்டே இருக்கும். நமக்குத் தெரியாது. மிளகுக்கு இந்த ரூம் முழுக்க இருபத்தி நாலு ஆறு ஓடுற மாதிரி இருக்கும்."

பிள்ளைகள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள், ஏதாவது ஒழுகுகிறதா என்று.

அடுத்தது ஒளிந்து பிடிக்கிற விளையாட்டு. ஒருவர் கட்டிடத்துக்குள் எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும், மிளகு கண்டுபிடிப்பான். இருபத்து மூன்று கைகள் எழுந்தன. தூக்காத ஒரு கை, புதுசு என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண்ணுடையது. அவள் வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்தவள். வந்து நான்கு மாதமாகியும் வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர்.

"நீ போறியாம்மா?" என்று மிளகம்மா அவளைக் கேட்டாள். அவள் தலையாட்டினாள். டீச்சர் அவளைக் கூட்டிப்போய், ஓவிய அறையின் மேசைக்கு அடியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மிளகம்மா மறுபடி சட்டையை மாட்டி, "தேடு," என்றாள்.

அவன் போனான். நகங்கள் தரையில் தட்டுகிற சத்தம் நடைவழியில் தேய்ந்து தேய்ந்து நின்றது. இரண்டு நிமிடத்தில் குரைப்பு கேட்க வேண்டும். ஐந்து நிமிடமாயிற்று. ஜன்னலில் தண்ணீர் வழிகிற சத்தம்கூடக் கேட்டது. டீச்சர் எழுந்து ஓவிய அறைக்குப் போனார். வரும்போது முகம் வெளுத்திருந்தது.

"டேபிளுக்கு அடியில இல்ல, மேடம்," என்று காதோடு சொன்னார். "நான்தான் அங்க உக்கார வெச்சேன்."

"கேட் பூட்டியிருக்கா?"

"பூட்டித்தான் இருக்கு."

"அப்போ உள்ளதான் இருக்கா. நீங்க இவங்களோட இருங்க, டீச்சர். நான் பாக்குறேன்."

நடைவழியில் பிள்ளைகள் செய்த காகித மீன்கள் நூலில் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் அவற்றுக்கு அடியில் நடந்தபோது எல்லா மீன்களும் ஒன்றாகத் திரும்பின. நீருக்கு அடியில் நடப்பதாக அவளுக்குத் தோன்றியது. மிளகைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வேலையில் இருக்கும் நாயைக் கூப்பிடுவது அவள் வழக்கமில்லை. பவுடரை ஒருமுறை அமுக்கினாள். நடைவழிக் கோடியில், கூடத்து மேடையின் பின்பக்கம் ஒருக்களித்திருந்த சின்னக் கதவிலிருந்து வந்த காற்றில் அது அவள் பக்கமே திரும்பியது. அவள் அந்தக் கதவுக்குப் போனாள்.

அது நாடக உடைகள் வைக்கிற அறை. அட்டையில் செய்த ஒரு நிலா சுவரில் சாய்ந்திருந்தது. தரை முழுக்கப் பஞ்சு ஒட்டிய மேகங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. கூரைக் கண்ணாடி வழியாக வெளிச்சம் அவற்றின் மேல் விழுந்தது. அந்த மேகங்களுக்கு நடுவில் புதுசு சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகோடு முதுகாக மிளகு படுத்திருந்தான். கண் திறந்திருந்தது. மிளகம்மாவைப் பார்த்து வாலை ஒருமுறை தரையில் தட்டினான். எழுந்திருக்கவில்லை.

பிள்ளை கிடைத்துவிட்டாள். அப்படியே வாசலில் உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் மற்றது உறைத்தது. அவன் குரைக்கவில்லை. வேலைக்கு வந்ததிலிருந்து இது நடந்ததில்லை. போன வருடம் ஒரு கட்டிடத்தில் அவன் குரைத்த இடத்தைத் தோண்டி எடுத்தபோது, அந்த ஆள் உயிர் போய் அரைமணி நேரமாகியிருந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் இவன் சாப்பிடவில்லை. இன்றைக்கு வாய் திறக்காததற்கு அதுதான் காரணமா, வயதா, இல்லை ஒரு சின்னப் பிள்ளையின் தூக்கத்தைக் கலைக்க மனமில்லையா?

புதுசு கண் விழித்தாள்.

"இவன் எப்போ வந்தான்?" என்று மிளகம்மா கேட்டாள்.

"தெரியல அக்கா. முழிச்சுப் பாத்தேன், இருந்தான். சூடா இருந்தான். மறுபடி தூங்கிட்டேன்."

"டேபிளுக்கு அடியிலதானே இருக்கச் சொன்னாங்க?"

"அங்க என் கால் வெளிய தெரிஞ்சுது. உடனே கண்டுபிடிச்சிருவான்." கொஞ்சம் யோசித்தாள். "எல்லாரும் என்னைத் தேடுறாங்களா?"

"ஆமா."

"டீச்சருமா?"

"டீச்சர்தான் ரொம்ப."

அவள் எழுந்தாள். தலைமுடி முழுக்கப் பஞ்சோடு, மிளகின் கழுத்தில் கை வைத்தபடி கூடத்துக்குள் நடந்து வந்தாள். டீச்சர் ஓடிவந்து அணைத்துக்கொண்டார். "மேகத்துக்குள்ள இருந்து வர்றா," என்றான் காதைப் பார்த்த பையன். அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் அவளைப் புதுசு என்று கூப்பிடவில்லை. அவள் மேகம் ஆனாள்.

"குரைக்கவே இல்லையே அக்கா. அவன் தோத்துட்டானா?" என்று ஒருத்தி கேட்டாள்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மிளகம்மா சமாளிக்கவில்லை. "கண்டுபிடிச்சிட்டான். ஆனா நம்மகிட்ட சொல்லல. அவன் வேலைக்கு ரெண்டும் வேணும். ஏன்னு பாத்துட்டு, உங்ககிட்ட வந்து சொல்றேன்."

நிலையத்தில் அவள் எழுதிக்கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டு அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்கூலுக்குப் போய்ப் பிள்ளைங்களோட விளையாடினதுக்கெல்லாம் அறிக்கையாம்மா?"

"அந்த இடத்துல மண்ணுக்கடியில ஒரு ஆள் இருந்திருந்தா, சார்?"

அவர் கையெழுத்துப் போட்டார்.

பயிற்சித் திடலில் உடைந்த சிமெண்ட் குழாய்களுக்குள் மூன்று பேரை ஒளித்து வைத்தார்கள். முதல் இருவரைக் கண்டுபிடித்து மிளகு திடலே அதிரக் குரைத்தான். மூன்றாவது ஆள், நினைவில்லாதவர் மாதிரி அசையாமல் கிடந்தார். அங்கே சத்தம் வரவில்லை. அவரே தவழ்ந்து வெளியே வந்தார். மீசை நரைத்த வண்டி ஓட்டுநர் அவர். "பக்கத்துல வந்து படுத்துட்டான்மா," என்று முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னார். "காதுல மூச்சு விட்டுட்டுக் காவலுக்குக் கிடந்தான். வாடா, குரைடான்னு சொல்ல எனக்கே மனசு வரல."

அன்றைக்கே மிளகின் வேலை முடிந்தது. கணவர் விஷயத்தைக் கேட்டு, "நம்ம மூணு பேர்ல முதல்ல ரிட்டையர் ஆகுறது நான்தான்னு நெனச்சேன். முந்திக்கிட்டான்," என்றார். பிறகு அடுக்களைக்குள் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினார்.

சொன்ன மாதிரி அவள் பள்ளிக்குப் போனாள். நடந்ததை நடந்தபடி சொன்னாள். காதைப் பார்த்த பையன் முதலில் கேட்டான்.

"அவன் இனிமே எங்க இருப்பான்?"

"எப்பவும் போல எங்க வீட்டுலதான்."

மேகம் இந்த முறை கை தூக்கினாள். "வேலை முடிஞ்சிருச்சுன்னு அவனுக்குத் தெரியுமா அக்கா?"

அன்று காலையும் அவள் பூட்ஸ் மாட்டியதும் அவன் கதவருகே வந்து தயாராக நின்றிருந்தான். "தெரியாதுன்னுதான் நெனைக்குறேன். எப்படிச் சொல்றதுன்னும் எனக்குத் தெரியல."

வகுப்பே யோசனையில் இறங்கியது. கட்டிலில் படுக்க விடுங்கள் என்றான் ஒருவன். பத்து மணி வரை எழுப்பாதீர்கள் என்றாள் ஒருத்தி. மேகம் எல்லோரும் பேசி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"இவ்ளோ நாள் நீங்க சொன்ன இடத்துக்குத்தானே அவன் போனான்? இனிமே அவன் போற இடத்துக்கு நீங்க போங்க."

மறுநாள் அவளுக்கு விடுமுறை. காலையில் வெறும் கழுத்துப்பட்டியோடு அவனை வெளியே கூட்டிவந்து, கயிற்றைத் தளர விட்டாள். பனி இன்னும் விலகவில்லை. தெருவின் மறுமுனை இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மிளகு நின்று அவள் முகத்தைப் பார்த்தான். உத்தரவு வரும் என்று காத்திருந்தான். அவள் வாய் திறக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, தயக்கத்தோடு, இடப்பக்கம் திரும்பினான். அந்தப் பக்கம் அவர்கள் போனதே இல்லை.

மூன்றாவது வீட்டு வேலிச் செடிக்குள் மூக்கை விட்டவன் அங்கேயே நின்றுவிட்டான். ஒவ்வொரு இலையாக, அடியும் மேலும், பத்து நிமிடம். வேலையில் இருந்தபோது இப்படி நின்றால் ஒரு சொடக்கில் நகர்த்தியிருப்பாள். இப்போது அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். பனி முகத்தில் படிந்தது. தெருவும் வீடுகளும் எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருந்தன.

பால் பையோடு வந்த ஒரு பெண் வேகத்தைக் குறைத்தாள். "இது அந்தத் தீயணைப்பு நாய்தானே? இங்க யாரையாவது தேடுதாங்க?"

"இல்லைங்க. சும்மா மோந்து பாக்குறான்."

"அவ்வளவுதானா?" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டுப் பனிக்குள் போனாள். மிளகு அடுத்த செடிக்கு நகர்ந்தான்.