இரண்டாவது தும்மல்

கொல்லிமலையில் ஒரு கம்ப்யூட்டர் தும்மியது. அது போட்ட தும்மலில் எழுபதாவது கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டிருந்த பஸ் பயந்துபோய் அறுபத்தொன்பதுக்கு இறங்கி நின்றுகொண்டது. மலைமேல் வளப்பூர் நாட்டுப் பகுதியில், வைகாசியில் பழுக்க வேண்டிய பலாப் பிஞ்சுகள் அன்று சாயங்காலமே வாசம் விட்டன.

அர்த்தநாரி இப்படித்தான் ஆரம்பிப்பார். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

"பஸ்ஸ வேணும்னா கழிச்சுக்கங்க. பலாவையும் கழிச்சுக்கங்க. தும்முனது நெசமுங்க."

இரண்டாயிரத்தொன்றாம் வருஷம், தை மாதம். அர்த்தநாரி அப்போதுதான் அரசாங்க பஸ் டிரைவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். அவர் வண்டி வருகிற சத்தம் கேட்டால் வளைவுகள் தாமாகவே கொஞ்சம் நிமிர்ந்து வழிவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. பேசியவர் அவரேதான். ஓய்வுப் பணத்தில் மற்றவர்கள் மாடு வாங்கினார்கள், ஓடு மாற்றினார்கள். இவர் அடிவாரத்துக்கு இறங்கி, அதுவரை மிக்சியும் டிவியும் விற்றுக்கொண்டிருந்த அப்பாஸ் அலி கடையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதை பஸ்ஸின் முன் சீட்டில் உட்காரவைத்து, அதற்குத் தனி டிக்கெட்டும் எடுத்து, மலைமேல் தன் ஊரான செம்மேட்டுக்குக் கூட்டி வந்தார். மலைக்கே முதல் கம்ப்யூட்டர் அதுதான் என்பார். அரசாங்க ஆபீசில் ஏற்கெனவே ஒன்று இருந்ததை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு யாரும் பொட்டு வைக்கவில்லையாம்.

இவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு உண்டு. சந்தனம், குங்குமம், வெள்ளிக்கிழமை சாம்பிராணி. தயிர்ச்சாதத்தின் நிறத்தில் ஒரு பெட்டி. பின்பக்கம் பலாப்பழம்போலப் புடைத்த ஒரு திரை. சுவிட்சைப் போட்டால் உள்ளே யாரோ பாக்கு வெட்டுவதுபோலக் கடகடவென்று ஒரு சத்தம் வரும். பிறகு அந்த வரவேற்பு இசை. அது கேட்டதும் தெருவில் போகிறவர்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார்கள். இப்போது சட்டைப்பைக்குள் கிடக்கிற போனுக்கு யார் செருப்பைக் கழற்றுகிறார்கள்?

எங்கே வைப்பது என்றுதான் முதலில் பெரிய யோசனை. மலையில் பனிக்கு ஆகாத சாமான் எதுவானாலும், மிளகோ, சாமையோ, தீப்பெட்டியோ, அடுப்பை ஒட்டிய அறைக்குத்தான் போகும். அடுப்புச் சூடு சுவர் வழியாக வந்து அந்த அறையை எப்போதும் காய்ச்சலாகவே வைத்திருக்கும். கம்ப்யூட்டரும் அங்கேயே போயிற்று. இரண்டு பக்கமும் புது மிளகு மூட்டைகள். தலைக்கு மேலே பரணில் காய்கிற மிளகு. போதாததற்கு, அர்த்தநாரியின் மனைவி மாதம்மாள் பழைய கம்பளியை வெட்டி, முகம் மட்டும் தெரிகிற மாதிரி அதற்கு ஓர் உறை தைத்துப் போட்டாள்.

"நான் முப்பது வருசம் பனியில பஸ் ஓட்டுனேன். எனக்கு ஒரு மப்ளர் தெச்சியா?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"உங்களுக்குத்தான் பேசிப்பேசியே ஒடம்பு சூடாயிருதே" என்றாள் மாதம்மாள்.

அப்பாஸ் அலி கம்ப்யூட்டரோடு ஜாதகப் பொருத்தம் பார்க்கிற ஒரு சி.டி. தட்டும் இனாமாகத் தந்திருந்தார். அதில்தான் வினை.

அர்த்தநாரியின் மகள் அருள்மொழி வளப்பூர் நாட்டுப் பக்கம் பால்வாடி டீச்சர். தினமும் பஸ்ஸில் போய்வருவாள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் பிரேம். இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது இரண்டு வீட்டுக்கும் தெரியும். தெரியாதவர்கள்போலப் பெரியவர்கள் முறைப்படி சம்பந்தம் பேசினார்கள். பிரேமின் அப்பா குப்புசாமி மிளகும் மரவள்ளியும் போடுகிற விவசாயி, நல்ல மனுஷர். ஆனால் சகுனம் என்றால் மலையிலிருந்து உருட்டிவிட்டாலும் நகர மாட்டார். அவருடைய அண்ணன் ஒருமுறை ஒற்றைத் தும்மலை மதிக்காமல் பெண் பார்க்கப் போய், பெண் வீட்டு நாயிடம் கடிபட்டு, அந்தப் பெண்ணையே கட்டி இன்றுவரை அவதிப்படுகிறாராம்.

"சோசியகாரன் மொகத்தப் பாத்துச் சொல்லுவானுங்க. மிசினு பொய் சொல்லாது. உங்க மிசின்லயே பாத்துருவோம்" என்றார் குப்புசாமி.

அர்த்தநாரிக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தார்கள். பிரேம் பிறந்த நேரம் கேட்டதற்கு, "கோழி கூவி, எங்கம்மா அத திட்டி முடிச்ச நேரமுங்க" என்றார் குப்புசாமி. அதையும் ஒருவழியாக மணியாக்கித் தட்டினார்கள். திரையில் ஒவ்வொரு பொருத்தமாக வந்தது. தினம் உண்டு. கணம் உண்டு. மாதம்மாள் அடுப்பைப் பற்றவைத்து, காப்பி கொதித்து, பணியாரம் வெந்து, எட்டாவது பொருத்தமான வசியமும் உண்டு. ஒன்பதாவது, ரஜ்ஜு. தாலி பாக்கியத்தைச் சொல்லுகிற பொருத்தம்.

அங்கே நின்றது. மணற்கடிகாரப் படம் அப்படியே உறைந்துவிட்டது. மவுசை ஆட்டினால் அம்பு அசையவில்லை. எந்தப் பட்டனை அமுக்கினாலும் ஊமைபோல் இருந்தது. அர்த்தநாரி அணைத்துப் போட்டார். மறுபடியும் ஒன்பதாவதில் நின்றது.

குப்புசாமி மெதுவாகக் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பாதிதான் குடித்திருந்தார்.

"வேண்டாங்குதுங்க."

"ஏனுங்க, மிசினு கெட்டுப்போயிருக்கும்..."

"எட்டு வரைக்கும் நல்லா ஓடுன மிசினு தாலிக்கிட்ட வந்து கெட்டுப் போவுமுங்களா?"

பிரேம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அருள்மொழி பணியாரத் தட்டோடு வாசற்படியில் நின்றவள் அப்படியே உள்ளே திரும்பிப் போனாள். அதைப் பார்த்துக் குப்புசாமிக்கே சங்கடமாகிவிட்டது. "அடுத்த சந்தை நாளைக்கு வாரேனுங்க. அன்னைக்கும் நின்னுச்சுன்னா, பேச்சும் நின்னுக்கட்டும்" என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

அந்த வாரம் முழுக்க அர்த்தநாரி தூங்கவே இல்லை. தூங்கினார்தான், ஆனால் தூங்கவில்லை என்று சொல்வது அவருக்குத் திருப்தி. அடுப்பு அணைந்து வீடு ஓய்ந்த மத்தியானங்களில் தனியாக உட்கார்ந்து தட்டினால், பத்துப் பொருத்தமும் பழநிக்குப் போகிற பஸ்போல நிற்காமல் ஓடியது. ரஜ்ஜு உத்தமம். வேதை உத்தமம். ஓடி வந்து மகளைக் கூப்பிட்டார். அவள் பார்த்தாள், முதல்முறையாகச் சிரித்தாள். "பக்கத்தூட்டு பொன்னாயியக் கூப்புடு, சாட்சிக்கு" என்றார். பொன்னாயி வந்தாள், உட்கார்ந்தாள், காப்பி குடித்தாள். நின்றுவிட்டது.

அப்பாஸ் அலிக்குப் போன் போட்டார்.

"அண்ணே, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"பண்ணிட்டேன் பாய்."

"மறுக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"என்ற டிவி நின்னப்பவும் இதத்தான சொன்னீங்க?"

"டிவி நல்லாயிருச்சில்லீங்களா?"

எலுமிச்சம்பழம் கட்டினார். கிழக்கே பார்க்கத் திருப்பினார். மலைக்குளிர்தான் தாங்கவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்து, கம்பளி உறைக்கு மேலே இன்னொரு கம்பளி போர்த்தினார். அதற்குப் பிறகு, ஆள் வந்தால் அது எட்டாவதிலேயே நிற்க ஆரம்பித்தது.

சந்தை நாளும் வந்தது. குப்புசாமியும் பிரேமும் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டதாக ஆள் வந்து சொல்லியாயிற்று. அருள்மொழி அந்த அறை வாசலில் நின்றுகொண்டு, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்:

"நம்ம மட்டும் இருந்தா ஓடுது. ஆரு வந்தாலும் நின்னுக்குது. என்ற கலியாணம்னா அதுக்கே புடிக்கல போலங்கப்பா."

"ஆரு வந்தா என்ன கண்ணு? வாரவங்க அது மேலயா ஏறி உக்காராங்க?" என்றார் அர்த்தநாரி.

"நின்னு நாயம் பேசாதீங்க. வாரவங்களுக்குக் காப்பி போடோணும், அடுப்பப் பத்த வெக்கறேன்" என்று தீப்பெட்டியை எடுத்தாள் மாதம்மாள்.

அர்த்தநாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல் சுவரைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார். மறுபடியும் தீப்பெட்டியைப் பார்த்தார்.

"மாதம்மா! ஆளு வந்தா நீ அடுப்பு மூட்டுற! அறுபதாவது வளைவுல ரேடியேட்டர் கொதிச்சு வண்டி நிக்குமே, இது அதேதான்! தண்ணி கொண்டா!"

சொன்ன கையோடு தானே ஓடிப்போய்க் குடத்தோடு திரும்பியவரை மாதம்மாள் வாசற்படியில் மறித்துக் குடத்தைப் பிடுங்கினாள். "கரண்டு சாமானத்துல தண்ணி ஊத்துனா பொருத்தம் உங்களுக்கும் எமனுக்குந்தான் பாக்கோணும்!"

குப்புசாமி வந்து சேர்ந்தபோது, கம்ப்யூட்டர் வெளியே பலா மரத்தடியில், பனிக்குள், கட்டில் மேல் வீற்றிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒயரை இழுத்து வைத்திருந்தார்கள். காப்பி பொன்னாயி வீட்டு அடுப்பில் கொதித்தது.

"அதுக்குக் குளிராதுங்களா?" என்றார் குப்புசாமி, கட்டிலுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்துகொண்டே.

"குளுரட்டுமுங்க. நாம போர்த்தித்தான் கொன்னுட்டோம்."

பஸ்ஸின் பானெட்டைத் திறக்கிற மாதிரி, திருப்புளியால் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார் அர்த்தநாரி. உள்ளே ஒரு சின்ன விசிறி இருந்தது. இருந்தது என்று ஊகிக்கத்தான் முடிந்தது. மிளகுத் தூசியும் காம்பும் தோலும் பஞ்சும் சேர்ந்து அதன்மேல் ஒரு மெத்தையே விரித்திருந்தன. பிரேம் சைக்கிள் பம்பு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தான். அர்த்தநாரி பலமாக இரண்டு அடி அடித்தார்.

மிளகு எழுந்தது. பனியையே கறுப்பாக்கிக்கொண்டு எழுந்தது என்பது அர்த்தநாரியின் பாஷை. ஒரு கைப்பிடி இருந்திருக்கும். அது நேராகப் போய்ச் சேர்ந்த இடம் குப்புசாமி.

"ஹச்!"

எல்லோரும் நின்றார்கள். ஒற்றைத் தும்மல் காரியத்தைக் கெடுக்கும், இரட்டைத் தும்மல் கூட்டிவைக்கும். மலையில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது. எல்லோரும் குப்புசாமியின் மூக்கையே பார்த்தார்கள். அது சிவந்தது. துடித்தது. மாதம்மாள் கைகூப்பிவிட்டாள். எல்லோரும் வேடிக்கை பார்க்கிற வெட்கத்தில் குப்புசாமி மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்து, கண்ணில் நீர் வழிய, அந்தத் தும்மலை உள்ளேயே விழுங்கினார்.

"இன்னொண்ணு... வருமுங்களா?" என்றார் அர்த்தநாரி பணிவாக.

"வராதுங்க." குரல் மூக்கடைத்து வந்தது. "வரவழைச்சா அது சகுனமாகாதுங்க. தானா வந்தது ஒண்ணுதான். தாலிக்கிட்ட நின்னது, இப்ப ஒத்தத் தும்மலு. இதுக்கு மேல தெய்வம் எப்பிடிங்க சொல்லும்? எந்திரி பிரேமு."

பிரேம் எழவில்லை. அருள்மொழி பொன்னாயி வீட்டுக் காப்பியோடு அப்போதுதான் வந்து நின்றாள்.

முப்பது வருஷம் வளைவுகளில் பஸ் ஓட்டியவருக்கு வேறொன்றும் தோன்றாத சமயத்தில் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். சாவியைத் திருப்புவது. அர்த்தநாரி சுவிட்சைப் போட்டார்.

பெட்டிக்குள் பாக்கு வெட்டும் சத்தம் கேட்டது. விசிறி சுற்றப் பார்த்தது, மிச்சமிருந்த மிளகுக் கட்டி தடுத்தது. "ஹ..." என்றது. மறுபடியும் முக்கியது. "ஹ... ஹ..." பெட்டி முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது.

"ஹச்ச்சூ!"

அடைத்திருந்தது அத்தனையும் பின்பக்க ஓட்டை வழியாக ஒரே மூச்சில் வெளியே பறந்து, எழுந்து நின்ற குப்புசாமியின் மீசையில் போய் உட்கார்ந்தது. பிறகு விசிறி விர்ரென்று சுற்றியது. அந்த வரவேற்பு இசை பனிக்குள் எழுந்தது.

"ரெண்டாவது தும்மலு!" என்று துள்ளினார் அர்த்தநாரி.

"அது விசிறிச் சத்தமுங்க."

"தும்மலுங்க!"

"மிசினு தும்முமுங்களா? சிரிக்க மாட்டாங்க?"

யாரும் சிரிக்கவில்லை. அர்த்தநாரி தட்டினார். ஏழு. எட்டு. ஒன்பது, ரஜ்ஜு உத்தமம். பத்து, வேதை உத்தமம். மணற்கடிகாரம் மறைந்து அம்பு அழகாக வந்து நின்றது. குப்புசாமி குனிந்து பார்த்தார், தலையசைத்தார். ஆனாலும் உட்காரவில்லை.

"பொருத்தம் சரிங்க. தும்மலு ஒத்தையாச்சே. எம்பையன் நல்லா இருக்கோணுமுங்க, எனக்கு அதுதான் பயம்."

அருள்மொழி காப்பி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நகரவில்லை.

"ஏனுங் மாமா, போன வாரம் அது நின்னப்ப, வேண்டாங்குதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன் சாமி."

"வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச மிசினுக்குத் தும்மத் தெரியாதுங்களா?"

குப்புசாமி மகனைப் பார்த்தார். அவன் இன்னும் எழாமலே இருந்தான். கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது பொட்டும் பனித்துளியுமாய், ஒன்றும் அறியாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. மீசையைத் துண்டால் துடைத்து, துண்டில் ஒட்டிய மிளகுத் தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இந்தத் தடவை காப்பியைக் கடைசி வாய் வரைக்கும் குடித்தார்.

"தும்முச்சுங்க" என்றார். "என்ற மூஞ்சி மேலயேதான் தும்முச்சு."