வெப்சைட்டுக்கு வீடு பார்த்த அண்ணன்

அந்த மெயிலை அச்செடுத்து அண்ணனிடம் காட்டியதுதான் அவள் செய்த தப்பு. வேறு யாரிடம் வேண்டுமானாலும் காட்டியிருக்கலாம். எதிர்க்கடை சாவிக்காரரிடம் காட்டியிருந்தால்கூட, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று நேர்மையாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். அண்ணனுக்கு அந்த வாக்கியமே பழக்கமில்லை.

அவள் தையல் மெஷின் மெக்கானிக். பகலெல்லாம் மெஷினைக் கவிழ்த்துப் போட்டுக் குடைவாள்; கையை எண்ணெய் போகத் துடைத்துக்கொண்டு இடையிடையே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, தையல் விட்டு விட்டு விழுகிறது, பாபின் கேஸ் கடகடவென்று சத்தம் போடுகிறது என்று எங்கெங்கோ இருக்கும் பெண்கள் அவளுடைய வெப்சைட்டில் கேட்பார்கள். எந்தத் திருகை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று அவள் பதில் எழுதுவாள். பன்னிரண்டு வருடத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் பதில்கள் சேர்ந்திருந்தன. அங்கே அவளுக்கு மெஷின் அக்கா என்று பெயர்.

அந்த வெப்சைட் ஓர் ஓபன் சோர்ஸ் மென்பொருளில் ஓடியது. சும்மா கிடைக்கிறதே என்று அவள் அதை எடுக்கவில்லை. மூடியைக் கழற்றி உள்ளே பார்க்க முடியாத எதையும் அவள் நம்ப மாட்டாள். இதன் உள்பாகம் முழுவதையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று எங்கோ படித்தபோது, சரி, இது நம்ம ஜாதி மெஷின் என்று தானே இறக்கி, தானே பூட்டி ஓட்டிவிட்டாள்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய வாழ்க்கையில் அண்ணன் பார்த்துக் கொடுக்காத ஒரே பொருள் அந்த வெப்சைட்தான்.

அண்ணன் வீட்டு புரோக்கர். அவள் குடியிருக்கும் வீடு அண்ணன் பார்த்தது. கடை அண்ணன் பார்த்தது. கட்டிக்கொண்ட மனிதரும் அண்ணன் பார்த்தவர்தான். குறை சொல்ல முடியாத அளவுக்கு நல்லவராக வேறு அமைந்து தொலைத்துவிட்டார். அண்ணன் பார்த்த எதுவும் இதுவரை சோடை போனதில்லை. அதுதான் பெரிய இம்சை. கோபித்துக்கொள்ளக்கூட ஒரு பிடி கிடைக்காது.

வெப்சைட்டை வைத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனியிலிருந்து வந்த மெயில் அது. அவளுடைய மென்பொருள் எதன் மேல் ஓடுகிறதோ அதன் பழைய பதிப்பு, வரும் முதல் தேதியிலிருந்து தங்கள் சர்வரில் இருக்காது என்று முதல் பத்தி சொன்னது. இரண்டாம் பத்தியில் ஒரே எண்களும் புள்ளிகளுமாக இருந்தன. அப்போது பள்ளிச் சீருடை சீசன். கடையில் பன்னிரண்டு மெஷின்கள் வரிசையில் நின்றன. அவள் நாளைக்குப் படிக்கலாம் என்று அச்செடுத்து வைத்தாள். அதற்குள் அண்ணன் வந்துவிட்டார்.

அண்ணன் முதல் பத்தியைப் படித்துவிட்டு மடித்துப் பையில் போட்டார். நோட்டீஸ் என்றால் விஷயம் முதல் பத்தியிலேயே முடிந்துவிடும், மிச்சமெல்லாம் மரியாதைக்கு எழுதுவது என்பது அவருடைய இருபத்தைந்து வருட அனுபவம்.

“காலி பண்ணச் சொல்லிட்டான். விடு, நான் பார்த்துக்கறேன்” என்றார்.

இது வீடு இல்லை அண்ணா என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இடம் கொடுக்கிறவன் ஹவுஸ் ஓனர், அதில் இருக்கிறவன் குடித்தனக்காரன், இதில் புரிய என்ன இருக்கிறது என்று அவர் கேட்டார். பன்னிரண்டு மெஷின்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. சரி என்று தலையாட்டிவிட்டாள்.

மறுநாளே அண்ணன் கடையின் ஓரத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மடியில் நோட்டு. அதில் வீடு பார்க்கப் போகும்போது கேட்கும் இருபத்திமூன்று கேள்விகள். ஒன்றைக்கூட மாற்றவில்லை. ஒவ்வொரு ஹோஸ்டிங் கம்பெனியாகப் போன் போட்டு வரிசையாகக் கேட்டார்.

ஒரு சர்வரில் எத்தனை குடித்தனம் என்று முதல் கம்பெனியிடம் கேட்டார். முன்னூறு இருக்கும் என்றார்கள். முன்னூறு குடித்தனத்துக்கு ஒரே மோட்டாரா, ஒருத்தன் குழாயைத் திறந்துவிட்டால் மற்றவன் வீட்டில் சொட்டுமா என்று கேட்டார். எதிர்முனையில் இருந்தவன் மேனேஜரைக் கூப்பிடப் போனான். இரண்டாவது கம்பெனி, அளவில்லாத இடம் தருகிறோம் என்றது. அளவில்லை என்றால் சுவர் எங்கே முடிகிறது என்று அண்ணன் கேட்க, அளவில்லை என்பதற்கும் ஓர் அளவு உண்டு என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சுவரில் ஆணி அடிக்கலாமா என்று மூன்றாவது இடத்தில் கேட்டார். அவள் பதறிப் போய்க் குறுக்கிட்டு, நமக்கு வேண்டிய துணைக்கருவிகளை நாமே மென்பொருளில் பொருத்திக்கொள்ளலாமா என்று கேட்கிறார் என விளக்கினாள். நாங்கள் தரும் பட்டியலில் இருப்பதை மட்டும்தான் பொருத்தலாம் என்று பதில் வந்தது. ஆணிகூட அடிக்க விடாத வீடு வேண்டாம் என்று அண்ணன் போனை வைத்துவிட்டார்.

அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. அண்ணன் கேட்டதெல்லாம் சரியான கேள்விகளாக இருந்ததுதான் எரிச்சல். ராத்திரிக் காவல் யார், பூட்டை யார் மாற்றுவார்கள், ஒழுகினால் எத்தனை மணிக்குள் ஆள் வரும் என்று அவர் கேட்கக் கேட்க, இதையெல்லாம் நாம் யோசித்ததே இல்லையே என்று அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், தேடியதும் முதலில் வந்த கம்பெனியை அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தாள். அதை மட்டும் அண்ணனிடம் சொல்லவில்லை.

பதினோராவது கம்பெனியில் ஒருவர், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, நிஜமாகவே பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். அண்ணனுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. இடம் முடிவாகிவிட்டது. சாமான் ஏற்றுவதையும் நானே பார்க்கிறேன், தினமும் வீட்டுப் படங்களை நெட்டில் ஏற்றுகிறவன்தானே என்று ஒற்றைக் காலில் நின்றார். அன்று காலை ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெஷின்கள் வரிசையாகப் படுத்துவிட்டதால் அவள் பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு அவள் திரும்பியபோது அண்ணன் ஸ்டூலில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்தது, புது இடத்தில் போய்ப் பார் என்றார். அவள் பார்த்தாள். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு வரி இருந்தது. டேட்டாபேஸுடன் இணைக்க முடியவில்லை.

அண்ணன் கோப்புகளை எல்லாம் ஒன்று விடாமல் கொண்டுவந்திருந்தார். அதில் வெப்சைட்டின் நிறம் இருந்தது, எழுத்துரு இருந்தது, படங்கள் இருந்தன. ஆனால் எழுதியது எதுவும் கோப்புகளில் இருக்காது. கேள்வியும் பதிலும் அத்தனையும் டேட்டாபேஸில்தான் இருக்கும். அதைத் தனியாகத்தான் எடுத்துவர வேண்டும்.

பரவாயில்லை, பழைய இடத்திலிருந்து இப்போது எடுத்துவிடலாம் என்று அவள் பாஸ்வேர்டைத் தட்டினாள்.

“அங்க என்ன இருக்கு? நான்தான் பெருக்கிக் குடுத்துட்டேனே” என்றார் அண்ணன்.

புரோக்கர்களில் யாரும் செய்யாத ஒன்றை அண்ணன் செய்வார். குடித்தனக்காரர் காலி செய்த அன்றே, தானே நின்று வீட்டைப் பெருக்கித் துடைத்துத்தான் ஓனரிடம் சாவியைக் கொடுப்பார். அது அவருடைய தொழில் கௌரவம். அந்தக் கௌரவத்தை இங்கேயும் விட்டுக்கொடுக்கவில்லை. கோப்புகளை ஏற்றியதும் பழைய இடத்தைச் சுத்தமாக அழித்தார். டேட்டாபேஸ் என்ற ஒன்று மட்டும் மூலையில் மிஞ்சியிருந்தது. திறந்து பார்த்தார்; ஒரே கட்டம் கட்டமாக எண்கள். குடித்தனக்காரர்கள் பரணில் விட்டுப்போகும் பழைய சாமான் என்று நினைத்து அதையும் அழித்தார். பிறகு கணக்கை மூடும் பொத்தானை அமுக்கி, ஏன் போகிறீர்கள் என்று கேட்ட கட்டத்தில் மனதில் இருந்ததை எல்லாம் எழுதிவிட்டு வந்திருந்தார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணன் சமாளித்திருப்பார். அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாயிரம் பதில்கள். அதில் பாதியைக் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாள். அண்ணன் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். முகம் மெல்ல வெளுத்தது. பிறகு பழைய கம்பெனிக்குப் போன் போட்டார். தான் கோபித்துக்கொண்டு பிரிந்து வந்த ஓனரிடமே திரும்பப் போய் நிற்பது அவருக்கு அதுவே முதல் முறை.

இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள். போன் ஒலிபெருக்கியில் இருந்தது. கணக்கு எண்ணைக் கேட்டுக்கொண்டு, கணக்கை மூடச் சொல்லிக் காரணம் எழுதியிருக்கிறீர்களே சார், அதை ஒருமுறை உறுதி செய்துகொள்கிறேன் என்று சொல்லி, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தாள்.

“‘பன்னிரண்டு வருடம் மானமாக இருந்த குடித்தனத்தை ஒரே கடிதத்தில் வெளியே தள்ளும் நீங்கள் உருப்பட மாட்டீர்கள். இனி உங்கள் வீட்டுக்கு ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன்.’ இது நீங்க எழுதினதுதானா சார்?”

அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆமாம் என்றார்.

தாங்கள் யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். இரண்டாம் பத்தியில் எல்லாம் இருக்கிறதாம். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டால் போதும், சிரமமாக இருந்தால் சொல்லுங்கள், நாங்களே செய்து தருகிறோம் என்று எழுதியிருக்கிறார்களாம். அண்ணன் பையில் இருந்த காகிதத்தை எடுக்கப் போனார். எடுக்காமலே கையை வெளியே எடுத்துவிட்டார்.

அழித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று அவர் கேட்டது அவருடைய குரல் மாதிரியே இல்லை. நேற்றைய பிரதி இருக்கிறது, ஆனால் ஐந்து மணிக்குக் கணக்கு மூடியதும் அதுவும் போய்விடும் என்றாள் அந்தப் பெண். அப்போது மணி நாலே முக்கால். நிறுத்துங்கள், இப்போதே நிறுத்துங்கள் என்று அண்ணன் எழுந்து நின்றுகொண்டு சொன்னார்.

“நீங்க சொன்னா பத்தாது சார். கணக்கு மேடம் பேர்ல இருக்கு. அவங்க சொல்லணும்.”

அண்ணன் போனை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். மூடாதீங்க, எல்லாத்தையும் திருப்பிப் போடுங்க என்று அவள் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. அதை மறைக்கவும் இல்லை.

ஐந்தே காலுக்கு வெப்சைட் பழையபடி எழுந்து நின்றது. முந்தின நாள்வரை எழுதியது எல்லாம் இருந்தது. அன்று காலை எழுதிய ஒரே ஒரு பதில்தான் போயிருந்தது, ஊசி உடைவதைப் பற்றியது. அதை அவள் மறுபடி தட்டினாள். நன்றாக மூச்சு வந்த பிறகுதான் பக்கத்தில் அண்ணன் நோட்டில் ஏதோ எழுதுவது தெரிந்தது. இருபத்தி நாலாவது கேள்வி: நாமே உடைத்துவிட்டால் திருப்பித் தருவீர்களா?

இதை எல்லோரிடமும் கேட்டுவிட்டால் இருப்பதா போவதா என்று நாளைக்கே முடிவாகிவிடும் என்று அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். கொஞ்சம் தெம்பு வந்துவிட்டது அவருக்கு.

“பதினோரு பேர்கிட்ட இருபத்திமூணு கேள்வி கேட்ட. என்கிட்ட ஒண்ணு கேட்டியா அண்ணா?”

“உன்கிட்ட என்ன கேக்கறது? உனக்காகத்தானே கேக்கறேன்.”

“வீடு பார்த்தப்பவும் கேக்கல. கடை பார்த்தப்பவும் கேக்கல.”

“எல்லாம் நல்லாத்தானே அமைஞ்சுது?”

“நல்லாத்தான் அமைஞ்சுது. அதனாலதான் இத்தனை வருஷமா சொல்ல முடியல.”

அண்ணன் பேனா மூடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு நோட்டில் அந்தக் கேள்விகளை எல்லாம் தள்ளிவிட்டு எழுதாத பக்கம் ஒன்றைத் திருப்பினார்.

“சரிம்மா. உனக்கு என்ன வேணும்?”

அவள் வாயைத் திறந்தாள். பாபின் கேஸைப் பற்றிக் கேட்டிருந்தால் அடுத்த நொடியே பதில் வந்திருக்கும். இதை நாற்பத்தி நாலு வயதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று அவளும் யோசித்து வைத்ததில்லை. கொஞ்சம் யோசிக்கணும் என்றாள்.

அண்ணனுடைய போன் அடித்தது. வீடு பார்க்க யாரையோ வரச் சொல்லியிருந்தார் போலிருக்கிறது. அவர் அதை எடுக்காமல் மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, பேனாவைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.