இல்மாரியின் நட்சத்திரம்

என் அண்ணாவுக்குக் கிடைத்த ஆசிரியர் வேலை போன மாதம் மயிரிழையில் தப்பியது. அதைக் காப்பாற்றியவர் பின்லாந்தில் இருக்கும் ஒரு மனிதர். போக்கடிக்கப் பார்த்தவர் எங்கள் அம்மா. இப்போது சொல்லிச் சிரிக்கிறேன். அன்றைக்கு அம்மாவோடு நான் முகம் கொடுத்துக்கூடக் கதைக்கவில்லை.

அண்ணாவின் பெயர் சுமன். போரின் கடைசிச் சண்டையில், பதினேழு வயதில், இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அதற்குப் பிறகுதான் உயர்தரப் பரீட்சை எடுத்தார், பட்டமும் எடுத்தார். அவர் படித்த அத்தனை புத்தகத்தையும் அம்மாதான் சத்தமாக வாசித்துக் காட்டினார். குசினியில் கறி கொதிக்கும்போதும் வாசிப்பு நடக்கும். எங்கள் அம்மா இராசேஸ்வரி எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆனால் பிரெஞ்சுப் புரட்சி ஏன் வந்தது என்று கேட்டால் இன்றைக்கும் புளி கரைத்தபடி சொல்லுவார்.

இந்த வருடம் அண்ணாவுக்கு வரலாறு படிப்பிக்க நியமனம் வந்தது. முரசுமோட்டையில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சந்தோஷம். அண்ணா மட்டும் கதிரையில் இருந்தபடி எங்கள் தலையில் கல்லைப் போட்டார்.

“அம்மாக்குத் தொண்டையும் கட்டுது, கண்ணிலயும் வெள்ளை விழுந்திட்டுது. இனியும் அவா வாசிச்சு நான் படிப்பிக்கிறதெண்டால் சம்பளத்தை அவாக்கெல்லோ குடுக்கோணும்? பாடப் புத்தகத்தை நானா வாசிக்கேலுமெண்டால் போறன். இல்லாட்டி எனக்கு இந்த வேலை வேண்டாம்.”

அண்ணா சொன்னால் சொன்னதுதான். வேலையை ஏற்கிறாரா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

“அப்ப நான் எதுக்கு இருக்கிறன்?” என்றேன். நான் யதுர்ஷிகா, கிளிநொச்சியில் கணினி நிரல் எழுதுகிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

புத்தகப் பக்கத்தைக் கொடுத்தால் அதைத் தமிழில் வாசித்துக் காட்டும் நிரல் ஒன்றை என் லப்டொப்பில் எழுதினேன். அதில் இருப்பது லினக்ஸ். யாரும் சும்மா எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். நிரலை எழுதியது பைத்தன் மொழியில். ஒரு மெசினில் எழுதினால் எந்த மெசினிலும் ஓடும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அளப்பேன். அண்ணாவின் பழைய லப்டொப்பிலும் லினக்ஸ்தான். பள்ளிக்கூடத்தில் இருப்பது விண்டோஸ். மூன்றிலும் ஓடும் என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னேன்.

கெட்டிக்காரியின் புளுகு எட்டு நாளைக்கும் நிற்கவில்லை. என்னுடைய லப்டொப்பில் கணீரென்று வாசித்த குரல், அண்ணாவுடையதில் மூன்றாவது வசனத்தின் நடுவில் ஊமையாகிவிட்டது. மறுபடி தொடக்கினால் மறுபடி ஊமை.

“கண்டி இராச்சியம் விழமுதல் உன்ர மெசின் விழுந்திட்டுது,” என்றார் அண்ணா.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஆனால் மெசினோடு சண்டை பிடித்து யார் வென்றார்கள்? இருந்து தேடினேன். குரல் தரும் பகுதியை நான் எழுதவில்லை. யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைத்தது அது. நீளமான வசனம் வந்தால் அதைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வாசிக்கும். பழைய கணினியில் துண்டுகள் சின்னன். வெட்டு ஓர் எழுத்துக்கும் அதன் கொம்புக்கும் நடுவில் விழுந்தால், பாதி எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் குரல் நின்றுவிடும். அந்த உட்பகுதி எனக்குப் பழக்கமில்லாத வேறொரு மொழியில் இருந்தது. கைவைக்கப் பயம். அதைப் பார்த்துக்கொள்கிறவரின் பெயர் இல்மாரி, பின்லாந்துக்காரர் என்று போட்டிருந்தது. பிழைகளை அறிவிக்கும் பொதுப் பக்கத்தில் நடந்ததை எழுதினேன். கண் தெரியாத அண்ணாவைப் பற்றியும் வெள்ளிக்கிழமையைப் பற்றியும் எழுதினேன்.

அவருக்கு விடியும்போது எங்கள் வீட்டில் பத்து மணித் தேத்தண்ணி. அந்த நேரம் பார்த்துப் பதில் வந்தது. தமிழில் தனக்கு ஓர் எழுத்தும் தெரியாதென்றும், நான் சொல்லித் தந்தால் முயன்று பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். அன்றிலிருந்து கேள்விக்கு மேல் கேள்வி. யானைத் தும்பிக்கை போல் சுருண்டிருக்கும் குறி எழுத்துக்கு முன்னால் வருவதா, பின்னால் வருவதா? ‘கொ’வில் இரண்டு பக்கமும் நிற்பது ஒரே குறிதானா? நான் படம் கீறி அனுப்புவேன், அவர் திருத்திப் பார்ப்பார், நான் ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்லுவேன். ஒருநாள்கூட அவர் சலித்துக்கொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை, ‘பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன், நாளைக்கு அனுப்புகிறேன்’ என்று எழுதினார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அதுதான் வினை.

“ஆரடி அந்தப் பிள்ளை?”

“இல்மாரி எண்டு ஒருத்தர்.”

“மாரியெண்டு பேரிலயே இருக்கு. அப்ப அம்மன்தான் அனுப்பியிருக்கிறா. நட்சத்திரம் என்ன?”

“என்னது?”

“வாற திங்கள் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போய் அந்தப் பிள்ளையின்ர பேரில ஒரு அர்ச்சனை செய்யோணும். ஐயா நட்சத்திரம் கேப்பாரெல்லோ?”

“அம்மா, விசர்க்கதை கதையாதேங்கோ. நன்றியெண்டு எழுதிவிட்டாப் போதும்.”

“வாயால சொல்லிப்போட்டுப் போறதோ? உப்பிட்டவரை உள்ளளவும் நினை எண்டு உனக்குப் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கேல்லையோ? பிறந்த திகதி, நேரம், ஊர், மூண்டையும் கேளடி. மிச்சத்தைச் சாத்திரியார் பாத்துச் சொல்லுவார்.”

அம்மா விடாக்கண்டன் என்றால் நான் கொடாக்கண்டன். ஆனால் சோறு போடும்போது கேட்டார், கிணற்றடியில் கேட்டார், நான் சைக்கிளை எடுக்கும்போது படலையடியில் நின்று கேட்டார். கரைச்சல் விட்டால் போதும் என்று அந்தப் பொதுப் பக்கத்திலேயே எழுதிப் போட்டேன்: ‘மிக்க நன்றி. உங்கள் பிறந்த திகதி, நேரம், ஊர் மூன்றையும் தர முடியுமா? அம்மா கேட்கிறார்.’

புதன்கிழமை பத்து மணித் தேத்தண்ணி ஆறிப்போனது. பதில் இல்லை. பின்னேரம் பார்த்தால் அந்தப் பக்கத்தையே பூட்டியிருந்தார்கள். அங்கே பொறுப்பாக இருக்கும் இன்னொருவர் எழுதியிருந்தார்: ‘வங்கிக் கணக்குத் திருடர்கள் இப்படித்தான் தொடங்குவார்கள். முதலில் கண் தெரியாத அண்ணா, பிறகு அவசரமான வெள்ளிக்கிழமை, இப்போது பிறந்த திகதி கேட்கும் அம்மா. யாரும் பதில் சொல்ல வேண்டாம்.’

எனக்கு இரண்டு காதும் சுட்டது. என்ன கொடுமையென்றால், அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

“உங்களால அண்ணான்ர வேலை போகுது!” என்று அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். “போங்கோ, போய் அம்மனிட்டயே புரோகிராமைத் திருத்தித் தரச் சொல்லுங்கோ!”

அம்மா முகம் சுண்டிப்போய், வரலாற்றுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அண்ணாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். தொண்டையைச் செருமிச் செருமி வாசிக்கத் தொடங்கினார். அண்ணா கையை நீட்டித் தடவிப் புத்தகத்தை மூடினார்.

“விடுங்கோ அம்மா. நான் வரேல்லையெண்டு நாளைக்கு அறிவிச்சுவிடுறன்.” பிறகு என் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். “யது, அவாவைப் பேசாத. நீ அந்த மனிசனிட்ட உள்ளதை உள்ளபடி சொன்னனியோ? அர்ச்சனையெண்டால் என்னெண்டு அந்த ஆளுக்கு எப்பிடித் தெரியும்?”

உண்மைதான். எனக்கு அது தோன்றவே இல்லை. இல்மாரியின் மெயில் முகவரி அவர் எழுதிய நிரலின் தலைப்பிலேயே இருந்தது. நேரே அவருக்கு எழுதினேன்: ‘எங்கள் ஊரில் ஒருவர் பெரிய உதவி செய்தால் அவரிடம் நன்றி சொல்வதோடு விடமாட்டோம். கோயிலுக்குப் போய், அவருடைய பெயரையும் அவர் பிறந்த நட்சத்திரத்தையும் அம்மனுக்கு முன்னால் சத்தமாகச் சொல்லச் சொல்லுவோம். என் அம்மாவுக்கு உங்கள் வங்கிக் கணக்கு வேண்டாம். உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பயப்படுத்தியதற்கு மன்னியுங்கள். திருத்தத்தை அனுப்பாவிட்டாலும் இதுவரை செய்ததை நாங்கள் மறக்க மாட்டோம்.’

அதற்குள் அம்மா மறுபடியும் புத்தகத்தைத் திறந்து வாசித்துக்கொண்டிருந்தார். அந்தக் கரகரத்த குரலைப் போனில் பதிந்து கூடவே அனுப்பினேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்குப் பதில் வந்தது. நான் வாசிக்க வாசிக்கத் தமிழில் சொன்னேன்.

‘திருத்தம் இத்துடன் இருக்கிறது. உங்கள் அம்மாவின் குரலைக் கேட்டேன். ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் முடியும்வரை கேட்டேன். பிறந்த திகதியை யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை, அது என் பழக்கம், குறை நினைக்க வேண்டாம். நேரம் எனக்கே தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் என் அம்மா. அவர் இப்போது இல்லை. எனக்கு வயது அறுபத்துமூன்று. நெடுங்காலமாக இந்த வேலையைச் செய்கிறேன். பிழை என்று எழுதுவார்கள், அவசரம் என்று எழுதுவார்கள். என் பெயரை எங்காவது சொல்ல வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை.’

அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

“பாவம், தாயில்லாப் பிள்ளை.”

“அம்மா, அந்தப் பிள்ளைக்கு அறுபத்துமூண்டு. உங்களுக்கு அறுபதுதான்!”

“வயசு போனாப்போல தாய் தேவையில்லையோ?” என்றார்.

திருத்தத்தை அண்ணாவின் லப்டொப்பில் ஏற்றினேன். பாடத்தைத் தொடக்கினேன். மூன்றாவது வசனம் வந்தது. தாண்டியது. நான்காவது, ஐந்தாவது, அடுத்த பந்தி, அடுத்த பக்கம். அண்ணா தானாகவே இடையில் நிறுத்தினார், ஒரு வசனம் பின்னுக்குப் போனார், திரும்பக் கேட்டார், தனக்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு மேலே போனார். கண் போன நாளிலிருந்து இன்றுவரை, ‘திரும்ப வாசியுங்கோ’ என்று ஒருவரையும் கேட்காமல் அவர் ஒரு பக்கத்தைத் திரும்ப வாசித்தது அதுதான் முதல் தடவை. அம்மா கையில் ஒன்றும் இல்லாமல் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

பாடம் முடிந்ததும் அண்ணா அலுவலகத்துக்குப் போன் அடித்தார். “ஓம், சுமன் கதைக்கிறன். புதன்கிழமை பள்ளிக்கூடம் திறக்கேக்க வாறன்.”

நான் குசினிக்குள் போய் அழுதேன். தன் மொழியில்லாத ஒரு மொழிக்காக, முகம் தெரியாத ஒரு வீட்டுக்காக, அந்த மனிதர் தன் காலை நேரங்களைத் தந்திருக்கிறார். அவருக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? பின்னேரம் கிளிநொச்சிக்குப் போய் விண்டோஸ் மெசினிலும் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. என் வாய் பழைய நீளத்துக்கு வந்துவிட்டது.

திங்கட்கிழமை மூன்று பேரும் முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினோம். சண்டை முடியும்போது சனமெல்லாம் நடந்து கடந்த வட்டுவாகல் பாலத்தில் பஸ் ஊர்ந்தபோது அண்ணா கதையை நிறுத்தினார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பாலம் முடிந்ததும் விட்டார். நட்சத்திரம் தெரியாவிட்டால் அம்மன் பேரிலேயே அர்ச்சனையைச் செய்துவிடலாம் என்று நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா மடியில் இருந்த அர்ச்சனைப் பையைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார்.

வற்றாப்பளையில் அன்று சனம் குறைவு. தேங்காய், வெற்றிலை, பழத்தோடு அம்மா தட்டை நீட்டினார்.

“ஆரின்ர பேருக்கம்மா?” என்று பூசகர் கேட்டார்.

“சுமன். அனுச நட்சத்திரம்.”

“அடுத்தது?”

“இல்மாரி.”

பூசகர் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். “நட்சத்திரம்?”

நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திவிட்டார்.

“அதுவும் அனுசந்தான் ஐயா.”

“இரட்டைப் பிள்ளையளோ?”

அண்ணாவுக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது. தாயை விட மூன்று வயது மூத்த அந்தப் பிள்ளையை நினைத்து நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அம்மா சிரிக்கவில்லை.

“ஓம் ஐயா,” என்றார். “ஒராள் இஞ்ச நிக்கிறார். மற்றவர் வெளிநாட்டில.”

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற தாய்மார் தட்டோடு வருவது பூசகருக்கு ஒன்றும் புதிதில்லை. மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு அம்மன் பக்கம் திரும்பி, இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் சொன்னார்.