தாய்மாமன் பெல்ட்

என் வீட்டுக்காரர் சுப்பிரமணி மாமல்லபுரத்தில் சிலை செதுக்குகிறவர். கல்லில் யானை வேண்டுமென்றால் ஒரே மாதத்தில் முடித்துவிடுவார்; சொந்த முகத்தைச் சிரைக்க மட்டும் அரை நாள் ஆகும். நந்தி வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் இவருக்கு ஒரு மடக்குச் சவரக்கத்தியைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

"கத்தி மட்டும் இருந்தா போதாது. தீட்டறதுக்கு தோல் வார் வேணும். அதுவும் நல்ல தோலு" என்றார். பாப்பாவுக்குக் காது குத்துகிற அன்று அந்தக் கத்தியால்தான் சவரம் என்று சத்தியம் வேறு. வீட்டிலிருந்த நாலு பெல்ட்டையும் வளைத்து வளைத்துப் பார்த்தார். மூன்றில் மேல்பூச்சு உரிந்து துணி தெரிந்தது. நாலாவது வெறும் அட்டை. நாலையும் அசல் தோல் என்றுதான் விற்றிருந்தான் அந்த பெல்ட் கடைக் கடன்காரன்.

என் கவலை வேறு. தாய்மாமன் மடியில் உட்காரவைக்காமல் குழந்தைக்குக் காது குத்த முடியாது. இருக்கிற ஒரே தாய்மாமன் என் தம்பி தீனதயாளன். வரிசையாக நாலு பெண்ணுக்குப் பிறகு நான் பிறந்ததால் எனக்கு வேண்டா என்று பெயர் வைத்தார்கள்; அடுத்து இவன் பிறந்தான். அந்தத் திமிர் இன்னும் போகவில்லை. எங்கள் கிரகப்பிரவேசப் பத்திரிகையில் தன் பெயரைக் கடைசியில் போட்டுவிட்டோம் என்று பந்தியில் பாதிச் சோற்றில் எழுந்து போனவன், மூன்று வருடமாகப் பேசவில்லை. கூடப் பிறந்தவன் பேசாதது எனக்கு எவ்வளவு வலித்தது என்று யாரிடமும் சொன்னதில்லை.

வெற்றிலைத் தட்டோடு பொத்தேரியில் அவன் நடத்தும் டிபன் கடைக்கே போய் நின்றேன், இவரும் கூட வந்தார். தம்பி கரண்டியைக் கீழே வைத்தான். "வரேன்க்கா" என்றான், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா இவர் கண் அவன் இடுப்புக்குப் போகவேண்டும்? தொந்திக்குக் கீழே அவன் வேட்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தது நாலு விரல் அகலத் தோல் பெல்ட்.

"மச்சான், இந்த பெல்ட்ட ரெண்டு நாளு குடு. காதுகுத்துக்கு வரும்போது தந்துடறேன்."

நான் முறைத்தேன். தம்பி ஏன் எதற்கு என்று கேட்காமல் கழற்றிக் கொடுத்தான்.

அந்த பெல்ட்டுக்கு வீட்டில் நடந்த உபசாரம் எனக்குப் பிரசவத்தின்போதுகூட நடக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்தார், நிழலில் காயவைத்தார், சூடேறும்வரை உள்ளங்கையால் தேய்த்தார். பிறகு ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டி, இழுத்துப் பிடித்து, கத்தியை வைத்தார். இருபது வருடம் கல்லில் உளி தீட்டிய கை அது. உளியைக் கூர்ப்பக்கம் முன்னால் போகத் தள்ளித் தீட்டுவது வழக்கம். தோலில் தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னால் போகவேண்டுமாம். சலூன் ஏசுபாதம் பிறகு சொன்னார். இவர் உளிக்குக் கொடுக்கிற தள்ளு ஒன்று கொடுத்தார். பெல்ட் இரண்டு துண்டானது.

"தோலு நல்ல தோலுதான்" என்றார். நான் பதிலுக்குச் சொன்னதை எழுத முடியாது.

காதுகுத்துக்குத் தம்பி சீர்த்தட்டோடு வந்தான். வேட்டியை முடிச்சுப் போட்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தான்.

"மாமா, பெல்ட்டு இன்னா ஆச்சு?"

"தரேன் மச்சான், மொதல்ல உக்காரு" என்று தாடியைச் சொறிந்தார் என் வீட்டுக்காரர்.

பாப்பாவை அவன் மடியில் வைத்தோம். காது குத்தினதும் வீறிட்டுக் கத்திக் கை காலை உதைத்தாள். குழந்தையை நான் வாங்கிக்கொண்ட பிறகும் அவன் எழவில்லை. சாப்பிடக் கூப்பிட்டோம், அசையவில்லை. முகம் சிவந்து கிடந்தது. பெல்ட் சேதியை யாரோ உளறிவிட்டார்கள், இனி இவன் ஆயுசுக்கும் பேசமாட்டான் என்று நினைத்தேன். கிட்டே போய்க் குனிந்தேன்.

"தம்பி, உன் பெல்ட்ட அவரு தெரியாம அறுத்துட்டாருடா. கோச்சிக்கினு போயிடாத."

அவன் மடியில் இரண்டு கையையும் அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"எப்டிக்கா போறது? உன் பொண்ணு ஒதச்ச ஒதையில வேட்டி அவுந்து கீது. கோச்சிக்கினு எழுந்து போறதுக்குக்கூட வழியில்லாம பண்ணிட்டாரு மாமா. சோத்த இங்கயே எடுத்துகினு வா."

அவன் முன்னாலேயே இலையைப் போட்டு நானே பரிமாறினேன். மகராசன், பாயசம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.