பிரேபெனின் கேக் சட்டம்

கணினியைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனால் மறுநாள் கேக் வாங்க வேண்டும். ஓடென்சே நகரில் உள்ள எங்கள் அலுவலகத்தின் சட்டம் அது. தலைவர் பிரேபென், ஆளில்லாத இருக்கைக்கு ஓடிப் போய், "நாளை கேக் என் செலவு" என்று எழுந்து போனவரின் பெயரிலேயே எல்லோருக்கும் மின்னஞ்சல் தட்டிவிடுவார். பாதுகாப்பு பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கணவனிடம் அடிவாங்கித் தப்பி வரும் பெண்களுக்கு விபெகெ ஒரு விடுதி நடத்துகிறார். அதன் வலைத்தளம் எங்கள் பொறுப்பு. பெண்கள் தங்கள் கதையையும், ஒளிந்திருக்கும் இடத்தையும் அதில் எழுதி அனுப்புவார்கள். தளம் தன் நிரலைத் தானே மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருந்தேன். அப்டேட் வந்தால் சோதித்துவிட்டு நானே போடுவேன்.

"ஏம்மா ரிக்கே, மத்த தளத்துல எல்லாம் அப்டேட் பொத்தான் இருக்காம். இங்க மட்டும் ஏன் இல்லைனு விபெகெ கேக்கறாங்க" என்றார் பிரேபென்.

"பொத்தான் வேலை செய்யணும்னா பூட்டைத் திறக்கணும். அப்புறம் உள்ள நுழையறவன் எவனும் நிரலை மாத்தலாம்."

"இந்தப் பொம்பளைங்க எழுதறதை எவன்மா தேடி வரப்போறான்?"

"அடிச்சவன் வருவான்."

அவர் சிரித்தார். பூட்டைத் தானே திறந்தார். பொத்தானை அழுத்தும் சிரமம்கூட எதற்கு என்று எல்லா அப்டேட்டும் தானாகவே ஏறும்படி செய்தார். "பாத்தியா, ஒரு நிமிஷ வேலை!"

வசந்தத்தில் விபெகெ அழைத்தார்.

"ரிக்கே, எங்க பொண்ணுங்க எழுதினதை அவங்களுக்கே ஒருத்தன் அனுப்பியிருக்கான். பணம் குடு, இல்லேன்னா உன் புருஷனுக்கு அனுப்புவேங்கறான்."

தளத்தைப் பார்த்தேன். படங்கள் காட்டும் ஒரு துணை நிரலின் ஓட்டை வழியே எவனோ நுழைந்திருந்தான். பூட்டு இருந்திருந்தால் அவனால் நிரலைத் தொட்டிருக்க முடியாது. இப்போது பெண்கள் எழுதி அனுப்பும் பக்கத்தின் நிரலில் நான்கு வரி சேர்த்திருந்தான். வந்த மடலெல்லாம் அவனுக்கும் ஒரு நகல் போனது.

தளத்தை நிறுத்திவிட்டு பிரேபெனைத் தேடி ஓடினேன். அவர் அறையில் இல்லை. திரும்பி வந்தால் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஸ்க்ரீனைத் தொறந்து போட்டுட்டுப் போயிட்டியேம்மா! சட்டம் சட்டம்தான்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. என் பெயரில் அனுப்பிய கேக் மின்னஞ்சலை மட்டும் அவர் திரும்பப் பெறவில்லை.

இரவோடு இரவாக விபெகெ அந்தப் பெண்களைக் குழந்தைகளோடு வேறு ஊருக்கு மாற்றினார்.

மறுநாள் கூட்டத்தில் பிரேபென் முதலில் கேட்டது, கேக் எங்கே என்று. கடையிலேயே மலிவானதை வாங்கி வந்திருந்தேன். இரண்டு துண்டு தின்றார்.