வெற்று மாதிரி தேவை

நான் கண்டறிதல் அலுவலகத்தில் வெற்று மாதிரியாக வேலை பார்க்கிறேன். என்னிடம் எதுவும் இல்லை. அதற்காகத்தான் எடுத்தார்கள். நேர்முகத் தேர்வில் மூன்று மணி நேரம் என்னைத் தேடிப் பார்த்துவிட்டு, தகுதியானவர் என்று எழுதினார்கள்.

வேலை எளிது. ஊரிலிருந்து யாராவது தண்ணீரோ பாலோ மண்ணோ கொண்டுவருவார்கள். இதில் இன்னது இருக்கிறதா என்று கேட்பார்கள். உணரி அதை விரலால் தொடுவார். இருந்தால், ஊதா விளக்குக்குக் கீழே அவர் விரல் ஒளிரும். எவ்வளவு ஒளிர்கிறது என்று மீட்டர் காட்டும். பிறகு விரலைக் கழுவிவிட்டு என் நெற்றியைத் தொடுவார். ஒளிராது. மாதிரியின் எண்ணிலிருந்து என் எண்ணைக் கழித்து, மீதியைச் சான்றிதழில் எழுதுவார்கள். பதினோரு வருடமாக என் எண் பூஜ்யம். ஒருநாள் கூட லீவு போட்டதில்லை.

அலுவலகத்தில் என்னைச் சுருக்கமாக வெத்து என்பார்கள். ஆரம்பத்தில் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. இப்போது யாராவது சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை.

உணரிகள் எல்லாரும் மனிதர்கள்தான். ஆளுக்கு ஒரு பொருள். எதிர் அறைச் செல்லத்துரை பாதரசத்துக்கு. அவர் மட்டும் நேர்மாறு. எப்போதும் ஒளிர்ந்துகொண்டே இருப்பார். பாதரசம் பட்டால் அணைந்துவிடுவார். ஊரில் எல்லாம் சரியாக இருக்கிற நாட்களில் அவர் வெளிச்சத்தில் டைப்பிஸ்ட் சுகந்தி பூக் கட்டுவார்.

என் அறையின் உணரி ஹயாத் பாஷா. தண்ணீரில் கரைந்துபோன மனிதர்களுக்கு அவர்தான். பாயின் விரல் நுனியில் ஒரு சின்ன இடம் காலியாக இருக்கும். கரைந்தவரைப் பற்றி வீட்டார் சொல்லச் சொல்ல, அந்த இடம் அவருக்கு ஏற்ற மாதிரி வளைந்துகொடுக்கும். ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பது போலத்தான். அந்த ஆள் மட்டும் வந்து அதில் உட்காரமுடியும். உட்கார்ந்தால் விரல் பச்சையாக ஒளிரும். வேறு யார் வந்தாலும் ஒளிராது.

வீட்டார் சொல்லும்போது நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும். அது விதி ஆறு. கேட்டால் எனக்குள் ஏதாவது தங்கிவிடும்.

அஞ்சலாட்சி வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு வந்தார். எங்கள் நடைக்கூடம் சும்மா வருகிறவர்களுக்கு நாலு எட்டுதான். அவசரமாக வருகிறவர்களுக்கு நீளும். இடுப்பில் எவர்சில்வர் குடத்தோடு அவர் தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தார். அவர் வந்து சேர்வதற்குள் நாங்கள் டீ குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டோம்.

அவருக்குப் பின்னால் பிச்சாண்டி கிளம்பினார். நகராட்சியில் வால்வு திறப்பவர். கையில் வால்வைத் திருப்புகிற இரும்புக் கைப்பிடி. அவருக்கு அவசரம் இல்லை. நாலே எட்டில் வந்து பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரரு தண்ணியில இருக்காரு சார்," என்றார் அஞ்சலாட்சி.

விஷயம் இதுதான். அவர் கணவர் கலியபெருமாள் நகராட்சியின் மேல்நிலைத் தொட்டிகளைக் கழுவுகிறவர். திங்கட்கிழமை ஒரு தொட்டியில் இறங்கியவர் கரைந்துவிட்டார். அது எங்கள் ஊரில் நடப்பதுதான். மூன்று நாள் பார்த்துவிட்டுத் தொட்டியைத் திறந்து, தண்ணீரைக் கால்வாயில் விட்டுவிடுவார்கள். தண்ணீரில் ஆள் இருக்கிறார் என்று எங்கள் சான்றிதழ் சொன்னால் திறக்கமாட்டார்கள். அன்றைக்கு நாலு மணிக்குப் பிச்சாண்டி திறக்கவேண்டும். அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் அஞ்சலாட்சி குடத்தில் மொண்டு வந்திருந்தார்.

எங்கள் அதிகாரி வத்சலா மேடம் படிவத்தை நீட்டினார். கரைந்தவர் கரைவதற்கு முன் இருந்தார் என்பதற்கான படிவம். கரைந்தவரே கையெழுத்துப் போடவேண்டும். அஞ்சலாட்சி குடத்தில் விரலை விட்டு, ஒரு சொட்டைக் கோட்டின் மேல் வைத்தார். மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"கையெழுத்து சரியா இருக்கு. மீதிய நீங்க நிரப்புங்க."

நிரப்ப இரண்டு கையும் வேண்டும். அஞ்சலாட்சி என்னைப் பார்த்தார்.

"உங்க பேரு என்னா சார்?"

"வெத்து."

"வெத்து சார், இந்தக் கொடத்த செத்த புடிங்க."

"கீழ வைங்களேன்."

"மொசைக் தரை சார். அவருக்கு சில்லுனு இருந்தா ஆவாது. ஒடனே சளி புடிச்சிக்கும்."

நான் குடத்தை வாங்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பஞ்சு சட்டைப் பையில் இருந்தது. எடுக்கக் கை இல்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது முழுக்க என் தப்பு.

"ஆரம்பிங்கம்மா," என்றார் பாய். "எப்படிப்பட்ட ஆளு?"

அஞ்சலாட்சி யோசித்தார்.

"பெரிசா ஒண்ணும் இல்ல பாய். சாதாரண ஆளுதான். எங்கிட்ட கோவம்னா எங்கிட்ட பேசமாட்டாரு. அடுப்புகிட்ட பேசுவாரு. 'அடுப்பே, சோறு ஆயிட்சான்னு கேட்டு சொல்லு'ம்பாரு. நானும் அடுப்புகிட்டயே பதில் சொல்லிடுவேன். அடுப்புதான் பாவம்."

"அப்பறம்?"

"எந்த டீ குடிச்சாலும் கடைசி வாய் வெச்சிடுவாரு. ஏன்னு கேட்டா, முடிஞ்சா எழுந்து போவணும் இல்லம்பாரு. படுக்கறப்ப என் முந்தானிய வெரல்ல சுத்திக்குவாரு. நான் எழுந்து போனா அவருக்குத் தெரியணுமாம். எழுந்து எங்க போவப் போறேன்? இவரு போயிட்டாரு."

பாய் விரலை நீட்டிப் பார்த்துக்கொண்டார். "அளவு சரியா வந்திருக்கு," என்றார்.

இருட்டறைக்குப் போனோம். ஊதா விளக்கு எரிந்தது. பாய் குடத்துத் தண்ணீரைத் தொட்டார். விரல் நுனியில் ஒரு பச்சைப் பொட்டு வந்தது. மீட்டர் நாலு என்று காட்டியது.

"எவ்ளோ பச்ச பாய்?" என்று கதவுக்கு வெளியிலிருந்து அஞ்சலாட்சி கேட்டார்.

"கொஞ்சம் பச்சம்மா. ஆனா நல்ல பச்ச."

பிறகு விரலைக் கழுவி என் நெற்றியைத் தொட்டார். நாலு.

நாலில் நாலு போனால் பூஜ்யம். கண்டறியப்படவில்லை என்று மேடம் பென்சிலால் எழுதினார். பேனாவால் எழுதுவதற்கு முன் என்னைப் பார்த்தார்.

"வெத்து, உன்கிட்ட ஏதோ இருக்கு."

"தெரியும் மேடம்."

குடத்தில் அவர் இருப்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அலுவலகத்துக்கு நாலு தெரியாது. நாலில் என்னைக் கழித்தால் வருவது மட்டும்தான் தெரியும். பதினோரு வருடம் எதுவும் இல்லாமல் இருந்தவன், ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கை என் தலையில் நிற்கிற அன்றைக்குப் போய் இப்படிச் செய்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. வெற்று மாதிரி அழக்கூடாது, கண்ணீரில் உப்பு இருக்கிறது. அடக்கிக்கொண்டேன்.

"கழுவிப் பாருங்க பாய்," என்றார் மேடம்.

கழுவும் அறையில் பாயே என்னைக் கழுவினார். காய்ச்சி வடித்த தண்ணீர், மூன்று தடவை. முதல் தடவையில் என் வீட்டு விலாசம் போயிற்று. இரண்டாவதில் என் பெயர் போயிற்று. மூன்றாவதில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லா விதிகளும் போயின. பாய் துண்டால் என் தலையைத் துவட்டினார்.

"உம் பேரு என்னாப்பா?"

"தெரியல பாய்."

"நல்லது. கலியபெருமாள் யாரு?"

"அடுப்போட பேசுவாரு."

பாய் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார். "உள்ள இருந்த மத்ததெல்லாம் போயி அவருக்கு எடம் தாராளமா ஆயிட்சி," என்றார்.

இரண்டாம் முறை குடம் நாலு. நான் ஐந்து. மைனஸ் ஒன்று.

"மைனஸ்ல இருக்காரும்மா," என்றார் மேடம். "அதாவது, இல்லைங்கறதுக்கும் ஒண்ணு கம்மியா."

"அவரு எப்பவுமே கம்மிதான் மேடம்," என்றார் அஞ்சலாட்சி. "பந்தியில கூட ரெண்டாவது தடவ கேக்கமாட்டாரு."

மணி மூன்று இருபது. மேடம் வேறு ஒருவரை வெற்று மாதிரியாக உட்காரவைக்கச் சொன்னார். செல்லத்துரை எப்போதும் எரிகிறவர், உதவமாட்டார். சுகந்தி வந்து உட்கார்ந்தார். இரண்டு. வாட்ச்மேன் வந்தார். மூன்று. நடைக்கூடம் இன்னும் நீளமாகவே இருந்ததால், அஞ்சலாட்சி சொன்னது வழியில் இருந்த எல்லா அறைக்குள்ளும் போய்விட்டுத்தான் அடங்கியிருக்கிறது. சயனைடு பிரிவிலிருந்து ஒரு அம்மா தானாகவே வந்து, "என்னையும் பாருங்க, அந்தக் கடைசி வாய் டீதான் மனசுல நிக்குது," என்றார். ஆறு. நாலைவிட அதிகம். அவரை உடனே அனுப்பிவிட்டோம்.

குறைந்தது இரண்டு இருக்கிறதே, சுகந்தியை வைத்தே முடித்துவிடலாமே என்றேன். நாலில் இரண்டு போனால் மீதி இரண்டு. மேடம் முடியாது என்று தலையாட்டினார். மூன்றுக்குக் கீழே வருவது எதுவும் கண்டறிந்ததாகாது. விரல் லேசாக நடுங்கினாலே இரண்டு வரும்.

பிறகு மேடம் தன் நாற்காலியை விட்டு எழுந்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு இருட்டறையில் வந்து உட்கார்ந்தார். அவர் பொது இடத்தில் சிரித்துக்கூட யாரும் பார்த்ததில்லை. பாய் தயங்கித் தயங்கி நெற்றியைத் தொட்டார்.

நாலு.

மேடம் பென்சிலை எடுத்தார். எண்ணைத் தானே எழுதிக்கொண்டார்.

"மேடம்கிட்டயும் இருக்காரா?" என்று அஞ்சலாட்சி என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இருக்காரும்மா. அதுதான் கஷ்டம்."

மணி நாலாக ஆறு நிமிடம். பெஞ்சில் பிச்சாண்டி மட்டும் பாக்கி. கண்ணை மூடியபடியே இருந்தார்.

"நீங்க எதாவது கேட்டீங்களா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம். தூங்கிட்டேன்."

"ஒண்ணுமே கேக்கலையே?"

"ஒரு வார்த்த கூட கேக்கல."

எனக்கு உயிர் வந்தது. பிச்சாண்டி கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு இருட்டறையில் உட்கார்ந்தார். பாய் விரலை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். நெற்றியைத் தொட்டார்.

விரல் பச்சையானது. பிறகு உள்ளங்கை. பிறகு மணிக்கட்டு வரை. அறையில் எங்கள் முகமெல்லாம் தெரிந்தது. மீட்டர் முப்பத்தொன்றில் போய் நின்றது.

"தூங்கினேன்னு சொன்னீங்க," என்றார் மேடம்.

"தூங்கினேன் மேடம். நான் எதையும் கேக்கல." பிச்சாண்டி கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும். பதினாறு வருசமா ஒண்ணா வேல பாக்கறோம். தொட்டியில எறங்கறப்ப செருப்ப எங்கிட்ட குடுத்துட்டுதான் எறங்குவாரு. இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

"அப்பறம் எதுக்கு இதத் தூக்கிட்டு வந்தீங்க?"

"ஆர்டர் மேடம்."

அஞ்சலாட்சி கதவருகில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

"செருப்பு ஒம்பதாம் நம்பருதான?" என்றார்.

"எட்டு அண்ணி."

"எட்டுதான்," என்றார் அஞ்சலாட்சி.

மேடம் விதிப் புத்தகத்தை எடுத்தார். கடைசிப் பக்கம் வரை புரட்டினார். நாலு அடிக்க ஒரு நிமிடம் இருந்தபோது வாசித்தார். வெற்று மாதிரி இல்லாமல் எந்த ஆய்வும் முடிந்ததாகாது. முடியாத ஆய்வுக்குரிய பொருளைக் கொட்டவோ திறந்துவிடவோ கூடாது.

பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிட்டு, பேனாவால் எழுதினார். ஆய்வில் உள்ளது.

"அப்படின்னா என்னா மேடம்?" என்றார் அஞ்சலாட்சி.

"ஆய்வு இன்னும் முடியலன்னு அர்த்தம்."

"'உள்ளது'ன்னு போட்டிருக்கீங்களே. இருக்காருன்னுதான அர்த்தம்?"

மேடம் தான் எழுதியதை ஒரு தடவை வாசித்தார்.

"ஆமா," என்றார். "இருக்காரு."

பிச்சாண்டி கைப்பிடியை எங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லி, ரசீது வாங்கிக்கொண்டு போனார். போகும்போது குடத்தை அவரே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். "தொட்டியிலயே ஊத்திடலாம் அண்ணி. தனியா இருக்க வேணாம்," என்றார்.

மறுநாளே விளம்பரம் கொடுத்துவிட்டோம். வெற்று மாதிரி தேவை. நிரந்தரப் பணி. கலியபெருமாளைப் பற்றி எதுவும் அறியாதவராக இருக்கவேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. ஆள் கிடைத்த அன்றைக்கே ஆய்வை முடிக்கவேண்டும் என்று நகராட்சியிலிருந்து வாரம் ஒரு கடிதம் வருகிறது.

நேர்முகத் தேர்வு நடத்தும் பொறுப்பு எனக்கு. வெற்றாக இருப்பது எப்படி என்று அனுபவத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று மேடம் உத்தரவில் எழுதியிருக்கிறார். அஞ்சலாட்சி வெள்ளிக்கிழமைகளில் வந்து என்னோடு அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார். என் எண் இப்போது பத்தொன்பது.

நிறையப் பேர் வந்தார்கள். ஒருவர் கூடத் தேறவில்லை. இது எப்படி என்று மேடம் ஒரு தடவை கூட என்னைக் கேட்டதில்லை. தேர்வு நடக்கிற நாட்களில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இன்று தருமபுரியிலிருந்து ஒரு அம்மா வந்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். மஞ்சள் பையை மடியில் வைத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பாய் தொட்டுப் பார்த்தார். பூஜ்யம். சுத்தமான பூஜ்யம். பதினோரு வருடம் அந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன், அப்படி ஒரு பூஜ்யத்தை நான் பார்த்ததில்லை.

"கலியபெருமாளத் தெரியுமாங்க?" என்றேன்.

"தெரியாதுங்க."

"கேள்விப்பட்டதாவது?"

"பேரே இப்பத்தானுங்க கேக்கறேன். அப்ப வேல கெடைச்சிருமுங்களா?"

எனக்கு அந்த அம்மாவை நினைத்தும் வருத்தமாகத்தான் இருந்தது. திரும்பிப் போக பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். டீ வரவழைத்தேன்.

"நல்லா சாஞ்சி உக்காருங்க," என்றேன். "கலியபெருமாளுக்கு விசில் அடிக்க வராது. ஆனா தெனம் அடிப்பாரு."