காளைத் தவளை கத்தாத ஜூன்

எங்கள் மிச்சிகன் வடக்கில் குளம் உறைந்து, அதன்மேல் வெண்பனி விழுந்ததும் மண்வாரியோடு இறங்கிப் பட்டை பட்டையாக வழித்துவிடுவோம். வெளிச்சம் உள்ளே போனால்தான் பாசி மூச்சு விடும். அந்த மூச்சில்தான் அடியில் கிடக்கும் காளைத் தவளைகள் பிழைக்கும். அவை சேற்றுக்குள் புதைந்துகொள்வதில்லை, செல்லங்களே. சேற்றின்மேல் படுத்தபடி, தண்ணீரிலுள்ள காற்றைத் தோலாலேயே வாங்கிக்கொள்ளும்.

எல்வினும் அவர் மனைவி லோயிஸும் இரு கரையிலிருந்தும் வழித்துக்கொண்டு வந்து நடுவில் சந்திப்பார்கள். ஓர் இலையுதிர்காலத்தில் லோயிஸ் இறந்துபோனாள். அந்த வருஷம் அவர் தனியாக வழித்தார்.

பக்கத்துப் பண்ணை டெல்பர்ட் வேலியோரம் நின்று சிரித்தார். "சறுக்க ஆளில்லாத ஊர்ல யாருக்குடா மைதானம் போடுற?"

"தவளைக்கு."

"தவளைக்கால் பொரியல்னா தட்டை நக்குற பயதானே நீ?"

"அந்த வீட்ல இப்ப சத்தம்னு ஒண்ணு வேணும்டா. ஜூன்ல அது கத்தினாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

ஜனவரியில் பனிக்கட்டியில் வழுக்கி முட்டி பிசகி, டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். விடாமல் பனி கொட்டியது. வீட்டுக்கு அழைத்து வந்தது டெல்பர்ட்தான்.

"பாதையில கிடந்த பனியெல்லாம் டிராக்டரால தள்ளிட்டேன். கார் வாசல் வரைக்கும் போகும்."

"பனியை எங்கடா தள்ளின?"

டெல்பர்ட் குளத்தைப் பார்த்தார். வீட்டுக் கூரை உயரத்துக்கு அங்கே வெள்ளைக் குவியல். எல்வின் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரலில் பனி உருகியபோது, விரித்த கையளவுத் தவளைகள் வயிறு வெளுத்து மிதந்தன. டெல்பர்ட் அவற்றை வாளியில் அள்ளினார். மே மாதம் சின்னத் தவளைகள் கீச்சிட்டன. ஜூனில் காளைத் தவளையின் அந்த எருது முக்காரம் மட்டும் வரவில்லை. எல்வின் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்தார். மூடினாலும் ஒன்றுதான்.

ஒரு காலை டெல்பர்ட் கரையிலிருந்து கூப்பிட்டார். "இங்க வா. ஏதோ நெளியுது."

விரல் நீளத் தலைப்பிரட்டைகள். சிலவற்றுக்குப் பின்னங்கால் முளைத்திருந்தது. பெரியவைக்குப் போதாத மூச்சு இவற்றுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

"இதுங்க எப்பக் கத்தும்?"

"வாலு போகணும். அப்புறம் ரெண்டு வருஷமாவது வளரணும்."

"அதுவரைக்கும் நீ இருப்பியாடா, கெழவா?"

எல்வின் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"டவுன்ல அந்த முட்டி டாக்டர் எந்தக் கிழமைடா வர்றார்?" என்றார்.